செம்மரம்: வெட்டியவர் சிறையில், வெட்டிய மரம் ஏலத்தில்

ஆந்திரப் பிரதேசத்தின் சேஷாசலம் மலைகளில் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற இரண்டு தாவரங்கள் அருகருகே வளர்கின்றன. ஒன்று, உள்ளூர் மக்கள் பெரிதா என்றழைக்கும் சிறு மரம். பார்வைக்கு ஈச்சை போன்றிருந்தாலும் ஈச்சையோடு உறவில்லாதது; பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே உலகில் நிலைத்து வரும் சைக்கஸ் குலத்தைச் சேர்ந்தது. மற்றொன்று செம்மரம். இரண்டுமே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு மட்டுமே உரியவை. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பெரிதாவின் பெயர் பெரும்பாலோர் காதில் விழுந்ததே இல்லை. செம்மரத்தின் பெயரோ நாளிதழ்களின் குற்றச் செய்திப் பக்கங்களில் மட்டுமே அடிபடுகிறது. அரிய மரம் ஒன்று காவல்துறைச் செய்தியாக மட்டும் எப்படிச் சுருங்கியது என்று பார்த்தால், அழிந்துவரும் தாவரங்களைக் காப்பதற்கு இந்திய அரசு மேற்கொண்டிருக்கும் வழிமுறையின் வர்க்கத் தன்மை தெளிவாகும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் விலங்குகளைப் பற்றியே கவலைப்பட்டது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம்தான் தாவரங்களுக்கென்று ஓர் இயலை அதில் சேர்த்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் வாழும் நாட்டில், அந்தத் திருத்தத்தின் ஆறாம் அட்டவணையில் இடம்பெற்றவை ஆறே பதிவுகள்தான்: சேஷாசலத்தின் பெரிதா, வடகிழக்கின் நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்பு வடிவப் பூக்கள் கொண்ட ஆர்க்கிட் வகைகள், மேகாலயாவின் பூச்சியுண்ணும் குடுவைத் தாவரம், இமயமலையின் கோஷ்டம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பட்டியலில் ஒரு பெயர்கூடச் சேர்க்கப்படவில்லை. 2022 திருத்தத்தில்தான் பட்டியல் பத்தொன்பதாக விரிந்தது; நீலக்குறிஞ்சி அப்போதுதான் அதில் ஏறியது.

1991இன் பட்டியலில் செம்மரம் இல்லை. அதற்குக் கிடைத்த பாதுகாப்பு வேறு வழிகளில் வந்தது. மாநில வனச் சட்டமும், சந்தனம் மற்றும் செம்மரத்தைக் கொண்டு செல்வதற்கான 1969ஆம் ஆண்டு விதிகளும், 1995இல் சைட்டிஸ் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதும், காட்டுச் செம்மரத்தின் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு விதித்த தடையும்தான் அந்த வழிகள். இவை அனைத்திலும் செம்மரம் ஒரு சரக்காகவே இடம்பெறுகிறது. காட்டின் ஓர் உறுப்பு என்ற முறையில் அதைப் பார்க்கும் பார்வை இவற்றில் அரிது.

செம்மரம் மணக்காத மரம். சந்தனம் என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது நிறத்தாலும் குழைத்துப் பூசும் பழக்கத்தாலும்தான். மண் குறைந்து பாறை மிகுந்த சரிவுகளில், மழை குன்றிய ராயலசீமையின் வெயிலில், மிக மெதுவாக வளர்கிறது. வெட்டப்பட்ட மரத்தில் வெளிறு முழுவதையும் செதுக்கித் தள்ளிவிட்டு உள்ளிருக்கும் கருஞ்சிவப்பு வைரத்தை மட்டுமே வணிகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தமிழகத்தில் நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் மரப்பாச்சிப் பொம்மைகள் இந்த வைரத்தில் செய்யப்பட்டவையே. குழந்தைகள் கடித்து விளையாடினாலும் தீங்கில்லை என்று நம்பிக் கொடுக்கப்பட்ட பொம்மை அது. உள்ளூர்த் தேவை அந்த அளவோடு நின்றிருந்தால் செம்மரத்துக்கு எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்காது.

தேவை வேறிடத்திலிருந்து வந்தது. சீனத்தில் மன்னராட்சிக் காலத்து அரண்மனை இருக்கைகளுக்கும் பேழைகளுக்கும் விருப்பமாக இருந்த கருஞ்சிவப்பு மரத்தை, அந்நாட்டின் புதுப்பணக்காரர்கள் அந்தஸ்தின் அடையாளமாக மீண்டும் தேடத் தொடங்கினர். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்துப் பகுதிக்கு இந்த மரம் உயர்வாகக் கருதப்படுகிறது. இயற்கைச் சாயத்துக்கான சந்தையும் இருக்கிறது. இத்தனை தேவைக்கும் உலகில் ஒரே ஒரு மலைப்பகுதிதான் விடையளிக்க முடியும். கடப்பா, சித்தூர், நெல்லூர் பகுதிகளின் காடுகளிலிருந்து வைரக் கட்டைகள் சென்னை உள்ளிட்ட துறைமுகங்களுக்குப் பயணப்பட்டன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் செம்மரத்தின் நிலையை அழிவுக்கு அண்மையில் உள்ளது என்று ஒரு படி தளர்த்தி மதிப்பிட்டது. மிகச் சில ஆண்டுகளிலேயே மீண்டும் அழிந்துவரும் இனம் என்று மாற்ற நேர்ந்தது.

காட்டில் விழுந்த பிணங்கள்

2015 ஏப்ரல் 7 அன்று விடியற்காலையில் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் சுட்டதில் இருபது பேர் கொல்லப்பட்டனர். அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டச் சென்ற கூலித் தொழிலாளர்கள்; பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கற்களாலும் கோடாரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. அப்படி நடந்த மோதலில் காவலர் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தங்களோடு வந்தவர்கள் பயண வழியிலேயே பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் குடும்பங்களுக்கு நீதி எட்டாத தொலைவிலேயே இருக்கிறது.

அது ஒரு நாளில் வெடித்த நிகழ்வன்று. 2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள் அள்ளிச் செல்லப்பட்டு, கொலை வழக்கில் ஆந்திரச் சிறைகளில் விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டனர். மொழி தெரியாத ஊரில், வழக்கறிஞர் வைக்க வசதியற்று, ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடந்த அவர்களை 2016இல் திருப்பதி நீதிமன்றம் விடுவித்தது. உண்மைக் குற்றவாளிகள் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழகத் தொழிலாளர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

காட்டைக் காக்கும் பணியில் இருப்பவர்களின் உயிரும் மலிவாகத்தான் போகிறது. 2024 பிப்ரவரியில் அன்னமய்யா மாவட்டத்தில் கடத்தல்காரர்களின் வாகனம் மோதி ஒரு காவலர் உயிரிழந்தார். வனக் காவலர்களில் கணிசமானோர் குறைந்த ஊதியத்துக்கு வேலை செய்யும் தற்காலிகப் பணியாளர்கள். கடத்தலுக்குப் பின்னாலிருக்கும் பெருமுதலை இந்த மோதலின் எந்தப் பக்கத்திலும் நேரில் நிற்பதில்லை. காட்டுக்குள் எதிரெதிரே நிற்கும் இரு தரப்பினரும் வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்களே.

வெட்டுவதற்கு வருவோர் யார்? ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலைப் பகுதிகளில் வாழும் மலையாளி என்ற பழங்குடியினரும், அம்மலைகளின் அடிவாரங்களில் நிலமற்றுக் கிடக்கும் ஏழைகளும்தான். தங்கள் மலையில் சந்தனம் இருந்த காலத்தில், மரத்தின் வைரத்தைச் சேதமின்றிப் பிரித்தெடுக்கும் திறனை இம்மக்கள் பெற்றிருந்தனர். சந்தனம் சூறையாடப்பட்டுத் தீர்ந்தபின் அந்தத் திறன் மட்டும் எஞ்சியது. தரகர்கள் அதைத் தேடி மலையேறினார்கள். முன்பணம் கொடுத்தார்கள், கட்டட வேலை என்று சொல்லிச் சிலரையும், உண்மையைச் சொல்லியே சிலரையும் வண்டியேற்றினார்கள். மானாவாரிச் சாமையும் கொள்ளும் ஆண்டு முழுவதும் சோறு போடாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி நிலுவை என்பது வாடிக்கையாகிவிட்டது. மைசூர்ப் பகுதியின் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலி தேடிப் போகும் அதே கால்கள்தான் சேஷாசலத்துக்கும் போகின்றன.

மரத்தைக் காப்பதன் பெயரால் மனிதர்களை வேட்டையாடுவது இந்த மலைகளுக்குப் புதிதன்று. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கியதாகச் சொல்லி தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் கூட்டாகப் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன; கிணறுகள் பாழாக்கப்பட்டன; பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் தொடங்கி இடதுசாரி இயக்கம் நடத்திய நெடும் போராட்டத்தின் பின் 2011இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அம்மலைகளில் சந்தனமும் மீளவில்லை.

அரசே மிகப் பெரிய விற்பனையாளர்

பிடிபட்ட செம்மரக் கட்டைகள் என்ன ஆகின்றன என்ற கேள்வியைப் பெரும் ஊடகங்கள் அரிதாகவே கேட்கின்றன. அவை அரசுக் கிடங்குகளில் அடுக்கப்படுகின்றன, தரம் பிரிக்கப்படுகின்றன, பின்னர் உலகளாவிய மின்னணு ஏலத்துக்கு வருகின்றன. காட்டுச் செம்மரத்தை ஏற்றுமதி செய்யத் தடை இருந்தபோதிலும், கைப்பற்றப்பட்ட 8,584 டன் கட்டைகளை விற்று ஏற்றுமதி செய்ய ஆந்திர அரசுக்கு ஒன்றிய அரசின் அயல்நாட்டு வணிக இயக்குநரகம் 2013இல் விலக்களித்தது. 2014இன் இறுதியில் முதல் கட்ட ஏலம் நடந்தது. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் கருவூலத்துக்கு வந்தது. அந்த ஏலம் முடிந்த சில மாதங்களிலேயே சேஷாசலத்தில் இருபது பேர் சுடப்பட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் பொருளியலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தொழிலாளி இரவில் மரத்தை வெட்டுகிறார், வெளிறைச் செதுக்குகிறார், முப்பது கிலோ கட்டையைத் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடக்கிறார். பிடிபட்டால் அவர் சிறைக்குப் போகிறார் அல்லது சுடப்படுகிறார். அவருடைய உழைப்பு அடங்கிய கட்டை அரசின் சொத்தாகிறது. அரசு அதை ஏலம் விடுகிறது. வாங்குவோர் ஏற்றுமதி நிறுவனங்கள். போய்ச் சேரும் இடம், கடத்தல்காரரின் கட்டை போய்ச் சேரும் அதே சந்தை. பிடிபடாவிட்டால் லாபம் கடத்தல் முதலாளிக்கு; பிடிபட்டால் வருவாய் அரசுக்கு. இரண்டு வழியிலும் வெளிநாட்டு வாங்குபவருக்கு மரம் கிடைத்துவிடுகிறது. சட்டபூர்வமான ஏலமே அந்த மரத்தின் மீதான ஆசையை உயிரோடு வைத்திருக்கிறது. கைப்பற்றியதை எரித்துவிட வேண்டுமா, விற்பதா என்பது விவாதத்துக்குரிய கேள்விதான். யானைத் தந்தத்தைப் பொறுத்தவரை இந்தியா விற்பனையை ஏற்கவில்லை. செம்மரத்துக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல் என்பதற்குத் தெலுங்கு தேசம் அரசும் சரி, பின்னர் வந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அரசும் சரி, நேர்மையான விளக்கம் அளித்ததில்லை. ஆட்சிகள் மாறின; கிடங்கும் ஏலமும் மாறவில்லை.

1841ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ரைன் மாகாண மன்றத்தில், காட்டில் விறகு பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டம் விவாதத்துக்கு வந்தது. 1842இல் இருபத்து நான்கு வயது நிரம்பிய கார்ல் மார்க்ஸ், ரைன் செய்தித்தாளில் அதைக் குறித்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஏழைகளின் வழிவழி உரிமை எப்படிக் குற்றமாக மாற்றப்பட்டது என்பதோடு, அபராதத் தொகை காட்டுச் சொந்தக்காரரின் பைக்குப் போய்ச் சேரும் வகையில் சட்டம் வடிக்கப்பட்டதையும் அவர் அம்பலப்படுத்தினார். திருட்டே சொந்தக்காரருக்கு வருமானமாகும் விந்தை அது. பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தன்னை முதலில் திருப்பியவற்றுள் இந்த விவாதமும் ஒன்று என்று 1859இல் அவரே குறிப்பிட்டார். காய்ந்த சுள்ளியும் உயிருள்ள செம்மரமும் ஒன்றல்ல. செம்மரத்தை வெட்டுவதற்கு எந்த மரபுரிமையும் கிடையாது. வெட்டுவது தடுக்கப்படவே வேண்டும். ஆனால் குற்றத்திலிருந்து வருவாய் ஈட்டும் சொந்தக்காரரின் இடத்தில் இன்று அரசு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கையில், அந்த இளைஞர் எழுதியவை பழசாகிவிட்டதாகத் தோன்றவில்லை.

இதற்கிடையே திரைப்படமும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 2021லும் 2024லும் வெளிவந்த புஷ்பா படங்களில் செம்மரம் வெட்டும் கூலி ஒருவன் கடத்தல் கூட்டத்தின் தலைவனாகவே உயர்ந்துவிடுகிறான். அரங்குகள் நிரம்பின. ஜவ்வாது மலையிலிருந்து போன எவரும் அப்படி உயர்ந்ததாகச் செய்தி இல்லை. திரும்பி வந்தவர்கள் வழக்கு வாய்தாவுக்காக மாதந்தோறும் திருப்பதிக்கும் கடப்பாவுக்கும் பேருந்துக் கட்டணம் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். முன்பணம் கொடுத்த தரகரும் அந்தக் கடனை மறப்பதில்லை.

யாருக்குக் கடுமை, யாருக்குச் சலுகை

2016இல் ஆந்திர வனச் சட்டம் திருத்தப்பட்டுச் செம்மரக் குற்றங்களுக்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. விசாரணையின்றி அடைத்து வைக்கும் தடுப்புக் காவல் சட்டமும் ஏவப்பட்டு வருகிறது. அழிந்துவரும் தாவரத்தைக் காக்கக் கடுமை வேண்டாமா என்று கேட்கலாம். கடுமை வேண்டும்தான். அது யாரை நோக்கிப் பாய்கிறது என்பதுதான் கேள்வி.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், உயிரியல் வளங்களைச் சட்டவிரோதமாகக் கொள்ளையடிப்போருக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்திருந்தது. மோடி அரசு 2023இல் அச்சட்டத்தைத் திருத்திச் சிறைத் தண்டனையை முற்றாக நீக்கியது. இப்போது பணம் கட்டினால் போதும். ஒரு லட்சம் முதல் ஐம்பது லட்சம் ரூபாய் வரை. தொழில் நடத்துவதை எளிதாக்குவது என்பதே அரசு சொன்ன நியாயம். மூலிகைகளை டன் கணக்கில் உறிஞ்சும் நிறுவனத்தின் இயக்குநருக்குச் சிறை அச்சம் நீங்கிவிட்டது. கட்டையைச் சுமப்பவருக்கோ அச்சம் இரட்டிப்பாகிவிட்டது.

அதே 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு கருதும் நீள்வாட்டுத் திட்டங்களுக்கு, அதாவது சாலை, இருப்புப்பாதை போன்றவற்றுக்கு, வன அனுமதி தேவையில்லை என்றாயிற்று. வடகிழக்கு மாநிலங்களின் பெரும்பகுதி அந்த 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 1991 பட்டியலின் நீல வாண்டாவும் சிவப்பு வாண்டாவும் குடுவைத் தாவரமும் வாழும் நிலம் அது. காட்டிலிருந்து ஓர் ஆர்க்கிடைப் பிடுங்கும் பெண் சட்டப்படி குற்றவாளி. அந்த ஆர்க்கிட் தொற்றி வளரும் காட்டையே வழித்தெடுக்கும் இயந்திரத்துக்கு அனுமதிகூடத் தேவையில்லை. கிரேட் நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை, அரசின் கணக்குப்படியே 9.64 லட்சம் மரங்களை, துறைமுகத்துக்காகவும் நகரத்துக்காகவும் அழிக்க ஒப்புதல் தந்ததும் இதே ஒன்றிய அரசுதான். அந்தக் காட்டில் எத்தனை தாவர இனங்கள் இன்னும் பெயரிடப்படாமலே இருக்கின்றன என்ற கவலை அதற்கு எழவில்லை.

இந்த இடத்தில் பெரிதாவை மீண்டும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டத்தில் உச்சமான பாதுகாப்பு உண்டு. சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால் காட்டிலிருந்து எடுத்து வணிகம் செய்வதே கூடாது. அதற்காக எந்தச் சிறப்புப் படையும் இல்லை; துப்பாக்கியும் இல்லை. ஆயினும் அது குறைந்துகொண்டேதான் வருகிறது. கோடைதோறும் மலையில் பரவும் தீ இளஞ்செடிகளைக் கருக்குகிறது. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக உள்ள இனம் அது; நாட்டு மருந்து வணிகத்துக்காக ஆண் கூம்புகள் ஒடிக்கப்படும்போது மகரந்தம் இன்றிப் பெண் மரங்கள் விதையற்றுப் போகின்றன. கூம்பு ஒடிப்பவருக்குக் கிடைப்பது சில ரூபாய்கள். இதைத் தடுக்க வேண்டுமானால் எந்தச் சரிவில் எத்தனை பெண் மரங்கள் இருக்கின்றன, தீ எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்று தெரிந்தவர்கள் வேண்டும். அப்படித் தெரிந்தவர்கள் மலையடிவாரத்து யானாதி, சுகாலி மக்கள். அவர்களை வனத்துறை இன்னும் சந்தேகக் கண்ணோடே பார்க்கிறது.

வன உயிரினச் சட்டத்தின் தாவர இயலில் ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. பழங்குடியினர் தாம் வாழும் மாவட்டத்தில், தமது சொந்தத் தேவைக்காக, பாதுகாக்கப்பட்ட தாவரத்தைப் பறிக்கலாம். சட்டம் எழுதியவர்களுக்கே உண்மை தெரிந்திருந்தது என்பதன் அடையாளம் இது. சொந்தத் தேவையால் எந்தத் தாவரமும் அழிந்ததில்லை என்பதை அந்த ஒரு வரி ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலை அடியாகக் கொண்டு முழுச் சட்டத்தையும் கட்டியிருக்கலாம். 2006இன் வன உரிமைச் சட்டம் இடதுசாரிகளின் அழுத்தத்தால் அந்தத் திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடி. சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அது அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் இச்சட்டம் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே நகரத் தொடங்கியது. தாமதமான அந்த ஆண்டுகள்தான் ஜவ்வாது, கல்வராயன் மலைகளிலிருந்து ஆட்கள் வண்டி வண்டியாக ஆந்திரத்துக்கு ஏற்றப்பட்ட ஆண்டுகள்.

பட்டா நிலத்துச் செம்மரம்

காட்டுக்கு வெளியே விவசாயிகள் வளர்த்த செம்மரத்தின் கதை தனி. வெட்ட அனுமதி, கொண்டு செல்ல அனுமதி, விற்க அனுமதி என்று ஒவ்வொரு படியிலும் அலைந்து சலித்தவர்கள் அவர்கள். 2019இல் தனியார் நிலத்தில் வளர்த்த மரத்தை ஏற்றுமதி செய்ய ஒன்றிய அரசு வழிவிட்டது. 2004 முதல் செம்மர வணிகத்தைக் கண்காணிப்பில் வைத்திருந்த சைட்டிஸ் அமைப்பு, 2023 நவம்பரில் இந்தியாவை அந்தக் கண்காணிப்பிலிருந்து விடுவித்தது. அரசு இதைப் பெரும் வெற்றியாக அறிவித்தது. சிறு விவசாயிக்கு இது பயன்பட வேண்டுமானால் கொள்முதல் கூட்டுறவின் மூலமோ அரசின் மூலமோ நடக்க வேண்டும். அப்படியின்றிச் சந்தையைத் திறந்துவிட்டால், இருபது ஆண்டு காத்திருந்த விவசாயியின் மரத்தை ஏற்றுமதியாளர் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வார். காட்டு மரமும் பட்டா மரத்தின் சீட்டோடு கப்பலேறும். இந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றி அரசின் அறிவிப்புகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

பல்லுயிர்ச் சட்டத்தின் பயன் பகிர்வு விதிப்படி, தேசியப் பல்லுயிர் ஆணையம் செம்மர வணிகத்தில் வசூலித்த தொகையிலிருந்து 2025இல் ஆந்திராவின் 198 செம்மர விவசாயிகளுக்கு 3 கோடி ரூபாய் வழங்கியது. வரவேற்கத்தக்கது. ஏலத்தில் வந்த பெருந்தொகையின் பங்கோ வனத்துறைக்குத் திரும்பியது. காட்டோடு வாழ்ந்து அதை இவ்வளவு காலமும் மிச்சம் வைத்த மக்கள் இந்தக் கணக்கில் எங்கே? பயன் பகிர்வு என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் வளத்தைப் பேணியவர்களுக்கும் இடமுண்டு. நடைமுறையில் அவர்களுக்கு ஒரு ரூபாயேனும் நேரடியாகப் போய்ச் சேர வழி செய்யப்படவில்லை.

கேரளத்தின் மறையூரில், நாட்டின் பிற பகுதிகளில் சூறையாடப்பட்ட சந்தனம் இன்றும் இயற்கைக் காடாக நிற்கிறது. இரவும் பகலும் அதைக் காப்பதில் அந்த மலையின் பழங்குடியினர் காவலர்களாகப் பெரும்பங்கு வகிக்கின்றனர். அங்கும் குறைகள் உண்டு. கடத்தலும் அறவே ஒழிந்துவிடவில்லை. ஆயினும் காட்டை அறிந்தவருக்கு அதைக் காக்கும் வேலையும் கூலியும் கிடைத்தால் மரம் நிற்கிறது என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று. சேஷாசலத்தில் ஆயுதப்படைக்குச் செலவிடப்படும் தொகையின் ஒரு பகுதியைக்கொண்டு, மலையடிவாரக் கிராமங்களிலிருந்து நிரந்தர ஊதியத்துடன் வனக் காவலர்களை எடுக்க முடியும்.

ஆந்திர, தமிழக அரசுகளின் முன் இருக்கும் பணிகள் தெளிவானவை. 2015 படுகொலை குறித்துச் சுதந்திரமான விசாரணை நடத்திக் குற்றமிழைத்தவர்களைத் தண்டிப்பது. ஆந்திர நீதிமன்றங்களில் வழக்குகளில் சிக்கியுள்ள கூலித் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசின் செலவில் சட்ட உதவி அளிப்பது. முன்பணம் கொடுத்தவர், வண்டி அனுப்பியவர், கிடங்கு வைத்தவர், கப்பலேற்றியவர் என்று மேல்நோக்கி வழக்கை நடத்துவது. ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைகளில் நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்களைக் காலக்கெடு வைத்து முடிப்பது. ஏலத்திலிருந்தும் ஏற்றுமதியிலிருந்தும் வசூலாகும் பயன் பகிர்வுத் தொகையில் குறிப்பிட்ட பங்கு, சேஷாசலம் அடிவாரத்தின் கிராம சபைக் கணக்குகளுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். அந்தத் தொகையிலிருந்து செம்மரத்தோடு பெரிதாவின் கணக்கெடுப்பும் தீத்தடுப்பும் நடைபெற வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் இயற்றத் தேவையில்லை. 2002இன் பல்லுயிர்ச் சட்டமும் 2006இன் வன உரிமைச் சட்டமும் இன்றும் நடைமுறையில்தான் இருக்கின்றன.